பைபாஸுக்கு முன்னால் இரண்டு கையிலும் பிரஷர்

இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிக்கு சப்கிளேவியன் என்று பெயர். மகாதமனியின் வளைவிலிருந்து நேராகக் கிளம்பி, காரை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகிறது. போகிற வழியில் அது கொடுக்கும் கிளைகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு ஏறும் வெர்டிப்ரல் தமனி. இன்னொன்று, மார்புச் சுவரின் உட்பக்கமாக, நெஞ்செலும்பின் ஓரத்தை ஒட்டிக் கீழே இறங்கும் உள்மார்புத் தமனி. இதய அறுவை டாக்டர்கள் இதை 'லிமா' என்பார்கள். பைபாஸ் செய்துகொண்டவர் வீட்டில் இந்தப் பெயர் டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டாயம் இருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள், அது வேறு.

பைபாஸ் என்றதும் காலிலிருந்து நரம்பு எடுத்து இதயத்தில் வைப்பார்கள் என்றுதான் பேச்சு. (எடுப்பது நரம்பல்ல, சிரை. ஊர்ப்பேச்சில் எல்லாமே நரம்புதான்.) அந்தச் சிரை மோசமில்லை, ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதிச் சிரை ஒட்டுகள் அடைத்துவிடுகின்றன. லிமா அப்படியல்ல. பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். அதன் சுவரில் கொழுப்பு எளிதில் படிவதில்லை. தமனியின் அழுத்தத்துக்குப் பிறந்ததிலிருந்தே பழகிய குழாய் அது. சிரைக்கோ அந்த அழுத்தம் புதிது.

1964-இல் லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் லிமாவை இதயத் தமனியோடு தைத்துக் காட்டினார். 1967-இல் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ரெனே ஃபவலோரோ கால் சிரையை வைத்துச் செய்யத் தொடங்கியதும் உலகமே சிரைப் பக்கம் சாய்ந்தது. எடுப்பதும் சுலபம், தைப்பதும் சுலபம். 1986-இல் அதே கிளீவ்லண்டிலிருந்து ஃப்ளாய்ட் லூப்பும் கூட்டாளிகளும் பத்து வருடக் கணக்கை வெளியிட்டார்கள். இதயத்தின் முன்பக்கத் தமனிக்கு லிமா வைத்தவர்கள், வெறும் சிரை வைத்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். அதன் பிறகு முன்பக்கத் தமனிக்கு லிமா என்பது கிட்டத்தட்ட சட்டமாகிவிட்டது.

சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். சிரையை முழுதாக வெட்டி எடுத்து, ஒரு முனையை மகாதமனியில் தைப்பார்கள். லிமாவை வழக்கமாக அப்படி வெட்டுவதில்லை. மேல்முனை சப்கிளேவியனிலேயே இருக்கும். கீழ்முனையை மட்டும் வெட்டித் திருப்பி இதயத்தில் தைப்பார்கள். ஆக, அறுவை முடிந்த நிமிடத்திலிருந்து இதயத்தின் முன்சுவர் முழுக்கக் கைக்குப் போகும் தமனியின் தயவில் இருக்கிறது. லிமா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அது கிளம்பும் இடத்துக்கு முன்னாலேயே சப்கிளேவியன் சுருங்கியிருந்தால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும்.

சுருக்கம் என்றால் பெரும்பாலும் கொழுப்புப் படிவுதான். இதயத்தை அடைத்த அதே நோய், அதே காரணங்கள்: புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், வயது. இவற்றில் புகைக்குப் பங்கு அதிகம். வலது பக்கத்தைவிட இடது பக்கம் மூன்று நான்கு மடங்கு கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. (லிமா இருப்பதும் இடது பக்கம். துரதிர்ஷ்டம்.) பொதுமக்களில் ஏறக்குறைய 100-க்கு 2 பேருக்கு இந்தச் சுருக்கம் இருக்கும். பைபாஸுக்கு வருகிறவர்களில் 100-க்கு 2 முதல் 5 வரை சொல்லப்படுகிறது. காலுக்குப் போகும் தமனிகளிலும் அடைப்பு உள்ளவர்களில் இன்னும் அதிகம். நூற்றில் நாலு பேர்தானே என்று தோன்றலாம். வாரத்துக்குப் பத்து பைபாஸ் செய்யும் இடத்தில் அது வருடத்துக்கு இருபது பேர்.

இவ்வளவு பெரிய குழாய் சுருங்கினால் கை வலிக்காதா? பெரும்பாலும் வலிப்பதில்லை. தோளைச் சுற்றிலும் கழுத்திலும் நிறைய மாற்றுப் பாதைகள் உண்டு. மெயின் வழி மெதுவாக அடைபட அடைபட, அந்தச் சந்துபொந்துகள் அகலமாகிக் கையைக் காப்பாற்றிவிடும். சிலருக்கு வெர்டிப்ரல் தமனியிலேயே ரத்தம் தலைகீழாகத் திரும்பி, மூளைக்கு ஏற வேண்டியது கைக்கு இறங்கும். இதை 'சப்கிளேவியன் ஸ்டீல்' என்ற பெயரில் 1961-லிருந்து மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. துணி துவைக்கும்போது, உயரத்தில் இருக்கும் டப்பாவை எடுக்கும்போது, இடது கை சீக்கிரம் ஓய்ந்துபோவது, தலை சுற்றுவது இதெல்லாம் அதன் அடையாளம். ஆனால் நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தாலும் 'வயசாச்சு, கை அசருது' என்று போய்விடும்.

பைபாஸுக்குப் பிறகு இதே திருட்டு இதயத்திலிருந்து நடக்கலாம். தெருக் குழாயில் தண்ணீர் குறைவாக வரும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ஏற்கெனவே வந்ததையும் உறிஞ்சிவிடும். கை வேலை செய்யும்போது கைத்தசைக்கு ரத்தம் நிறைய வேண்டும். மேலே சுருக்கம் இருப்பதால் வேண்டிய அளவு வராது. உடனே கை, லிமா வழியாக இதயத்திலிருந்தே இழுக்கும். இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் பின்னோக்கிப் பாயும். 1974-இல் ஹார்யோலாவும் வால்லேயும் முதலில் விவரித்த இந்த நிலைக்குக் 'கரோனரி-சப்கிளேவியன் ஸ்டீல்' என்று பெயர். அறுவைக்கு முன்பே சப்கிளேவியனைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று அப்போதே எழுதியிருந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அறிகுறி என்ன? பைபாஸ் முடிந்து நன்றாக இருந்தவருக்கு மறுபடி நெஞ்சுவலி. குறிப்பாக இடது கையை வைத்து வேலை செய்யும்போது. சிலருக்கு மூச்சிரைப்பு, இதயச் செயலிழப்பு, அரிதாக மாரடைப்பு. அறுவை முடிந்த சில நாட்களிலேயே வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். தாமதமாக வருவதற்குக் காரணம், அறுவைக்கு முன் இல்லாத சுருக்கம் பிற்பாடு வளர்வது. சீக்கிரம் வந்தால், முன்பே இருந்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இரண்டு கையிலும் பிரஷர் எடுத்தால் போதும், வேட்டையின் பாதி முடிந்துவிடும். நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரே அளவுப் பட்டையை வைத்து, ஒரு கையில் பார்த்த சூட்டோடு மறு கையிலும் பார்க்க வேண்டும். மேல் எண்ணை (சிஸ்டாலிக்) மட்டும் ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் 10-க்குள் இருந்தால் சாதாரணம். 10-ஐத் தாண்டினால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சும்மா விடக்கூடாது. 2012-இல் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் கிளார்க்கும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து லான்செட்டில் வெளியிட்ட கட்டுரை, இந்த 15 என்ற எல்லையை ரத்தக்குழாய் நோயோடு உறுதியாக இணைத்தது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எந்தக் கை வாகாக நீட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் கையில் ஒருமுறை. மறு கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு எண். லட்சக்கணக்கில் செலவாகும் அறுவைக்கு முன்னால் மிச்சம் பிடிப்பது இந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

சரி, இரண்டு கையிலும் எடுத்தாயிற்று, எண் ஒன்றுபோல இருக்கிறது. அப்போதும் முழுசாக நம்பிவிட முடியாது. இரண்டு பக்கமும் சமமாகச் சுருங்கியிருந்தால் வித்தியாசமே தெரியாது. இதற்குக் கணுக்கால் பிரஷர் உதவும். காலில் கையைவிடச் சற்று அதிகமாகவோ சமமாகவோதான் இருக்க வேண்டும். இரண்டு கையையும்விடக் காலில் மிக அதிகமாக இருந்தால் இரண்டு கைத் தமனிகள் மேலும் சந்தேகம் விழ வேண்டும். (காலிலும் அடைப்பு இருந்தால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும்.) இன்னொரு பொறி டயாலிசிஸ் நோயாளிகள். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் பட்டை கட்டக்கூடாது. சப்கிளேவியன் சுருக்கம் இருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களிலேயே இந்த எளிய சோதனைக்கு வழியில்லாமல் போகிறது. அவர்களுக்கு நேராக ஸ்கேன்தான்.

பிரஷர் எடுக்கும்போதே விரலுக்கும் காதுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம். இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பிடித்தால், இடது நாடி மெலிந்தோ ஒரு கணம் பிந்தியோ வருவது தெரியும். காரை எலும்புக்கு மேலே உள்ள குழியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், சுருங்கிய இடத்தில் ரத்தம் பீறிடும் 'ஸ்ஸ்' சத்தம் கேட்கலாம். கேட்காவிட்டால் சுருக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. முழுக்க அடைத்துக்கொண்ட குழாயில் ஓட்டமும் இல்லை, சத்தமும் இல்லை.

சந்தேகம் வந்தால் அடுத்தது டாப்ளர் ஸ்கேன். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, செலவும் குறைவு. குறை ஒன்றுதான்: இடது சப்கிளேவியன் கிளம்பும் இடம் நெஞ்சுக்குள் ஆழத்தில் இருப்பதால் ஸ்கேனுக்கு நேரடியாகச் சிக்குவது கடினம். அதனால் மறைமுகமாகக் கண்டுபிடிப்பார்கள். கைத் தமனியில் ரத்த ஓட்டத்தின் அலை மழுங்கியிருக்கிறதா, வெர்டிப்ரலில் ஓட்டம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓய்வில் திரும்பாத ஓட்டத்தைத் திரும்பவைக்கவும் ஒரு வழி உண்டு. கையில் பட்டை கட்டிச் சில நிமிடம் ரத்தத்தை நிறுத்திப் பிறகு சட்டென்று விடுவார்கள். பட்டினி கிடந்த கை ரத்தத்தை இழுக்கும். ஒளிந்திருந்த திருட்டு அப்போது திரையில் தெரிந்துவிடும்.

துல்லியமான படத்துக்கு சிடி ஆஞ்சியோ. சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு சுண்ணாம்பு, வெர்டிப்ரலும் லிமாவும் எவ்வளவு தூரத்தில் கிளம்புகின்றன என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதற்கு ஏற்றும் சாயமருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால் கிரியாட்டினின் பார்த்துவிட்டே செய்வார்கள்.

இதில் கைக்கு எட்டியதை நழுவவிடும் இடம் ஒன்று உண்டு. பைபாஸுக்கு வருகிற கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆஞ்சியோகிராம் நடந்திருக்கும். கதீட்டர் மகாதமனிக்குள் இருக்கும்போது, இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் சப்கிளேவியன் வாயில் கொஞ்சம் சாயம் விட்டால் கதை முடிந்தது. தொடை வழியாகச் செய்த காலத்தில் இது சுலபம். இடது மணிக்கட்டு வழியாகச் செய்தால் கதீட்டர் அந்தத் தமனி வழியாகவேதான் வரும், அதனால் சுருக்கம் தட்டுப்படும். இப்போது பரவலாக இருப்பது வலது மணிக்கட்டு. அந்த வழியில் போனால் இடது சப்கிளேவியன் பாதையிலேயே வராது. தனியாகத் திருப்பி நுழைக்க வேண்டும், நேரமும் சாயமும் கூடும், அதனால் விட்டுவிடுகிறார்கள். எல்லாருக்கும் கட்டாயம் படம் எடுக்க வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பிரஷர் எல்லாருக்கும், படம் சந்தேகம் உள்ளவர்களுக்கு என்பது நியாயமான நடுவழி. பிரஷரையே எடுக்காமல் சந்தேகம் மட்டும் எங்கிருந்து வரும்?

ஆஞ்சியோவில் சுருக்கம் தெரிந்தால் அழுத்தத்தையும் அளப்பார்கள். கதீட்டரைச் சுருக்கத்துக்கு அப்பால் வைத்து மெதுவாக இழுத்தால், இருபுறமும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசம் எண்ணாக வந்துவிடும். கண்ணுக்குப் பாதி அடைப்பு மாதிரித் தெரிவது அழுத்தத்தில் பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். லேசாகத் தெரிவது 20-க்கு மேல் காட்டவும் செய்யும்.

கொழுப்பு தவிர வேறு காரணங்களும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு பல வருடம் கழித்து இந்தத் தமனியைச் சுருக்கலாம். இந்தியா உட்பட ஆசியாவில் மறக்கக்கூடாத இன்னொன்று தகயாசு நோய். மகாதமனியும் அதன் பெருங்கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குவது. ஜப்பானியக் கண் டாக்டர் மிகிதோ தகயாசு 1908-இல் இதைப் பதிவு செய்தார். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும், நாடியே கிடைக்காத அளவுக்குப் போகும். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டென்ட் வைத்தால் மறுபடி அடைத்துவிடும். முதலில் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் அதை அடக்கிவிட்டுத்தான் மற்றது.

கண்டுபிடித்தாயிற்று, என்ன செய்வது? கைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மாத்திரை போதும். லிமா வைத்து பைபாஸ் செய்யப்போகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கையில் அறிகுறி இல்லாவிட்டாலும் சுருக்கத்தைச் சரிசெய்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2017 வழிகாட்டி.

பெரும்பாலும் வழி ஸ்டென்ட்தான். தொடை வழியாகவோ கை வழியாகவோ கம்பியைச் சுருக்கத்துக்குள் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பார்கள். தமனியின் வாயிலேயே சுருக்கம் என்றால் பலூனில் விரியும் வகை ஸ்டென்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். வைத்த இடத்தில் நகராமல் நிற்கும், இறுக்கமான சுண்ணாம்பையும் தாங்கும். வெர்டிப்ரல், லிமா இரண்டின் வாயையும் மூடிவிடாமல் வைப்பதில்தான் கைத்திறன். வெறும் சுருக்கம் என்றால் அநேகமாக எல்லாருக்கும் வெற்றி. முழு அடைப்பு என்றால் கம்பியைத் தாண்டவைப்பதே பாடு. தொடை, மணிக்கட்டு என இரண்டு பக்கத்திலிருந்தும் முயல வேண்டியிருக்கும். பக்கவாத ஆபத்து குறைவு. அதற்கு அழகான காரணம் ஒன்று: வெர்டிப்ரலில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்த ரத்தம், சுருக்கம் திறந்தவுடனே நேராகிவிடுவதில்லை. பல வினாடிகளிலிருந்து சில நிமிடங்கள்வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் உதிர்ந்த துணுக்குகள் மூளைப் பக்கம் ஏறாமல் கைப் பக்கம் போய்விடும். 1984-இலேயே டாப்ளரில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஸ்டென்ட் முடியாதபோது அறுவை. கழுத்தின் கரோட்டிட் தமனியிலிருந்து சப்கிளேவியனுக்குச் செயற்கைக் குழாய் ஒன்றை இணைப்பார்கள். நீண்ட காலம் திறந்திருக்கும் நல்ல ஒட்டு அது. ஆனால் கரோட்டிடில் அடைப்பு இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு கழுத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அடுத்த தலைவலி, எதை எப்போது. ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் சாப்பிட வேண்டும். க்ளோபிடோக்ரெலோடு பைபாஸ் செய்தால் ரத்தம் நிற்காது. அறுவைக்கு ஐந்து நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். நோயாளியின் நிலை சீராக இருந்தால் வழி நேரானது: ஸ்டென்ட் வைத்து, சில வாரம் விட்டு, க்ளோபிடோக்ரெலை நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தொடர்ந்து, பைபாஸ். இதயத்தின் இடது மெயின் தமனி அடைத்து ஐசியூவில் கிடப்பவருக்கு அந்த வாரங்கள் கிடையாது. அவருக்கு லிமாவின் மேல்முனையையும் வெட்டி, சிரையைப் போலவே மகாதமனியில் தைத்துவிடலாம். சப்கிளேவியனின் தயவே தேவைப்படாது. வலது பக்க உள்மார்புத் தமனியை எடுக்கலாம் (வலது சப்கிளேவியன் சுத்தமா என்று பார்த்துவிட்டு). சிரையை மட்டுமே வைப்பது கடைசி வழி.

மணிக்கட்டின் ரேடியல் தமனியையும் ஒட்டாக எடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு முன் ஆலன் சோதனை செய்வார்கள். 1929-இல் எட்கர் ஆலன் கொடுத்தது. முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்தி, பிறகு சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டால், வெளுத்த உள்ளங்கை சில வினாடிகளில் சிவக்க வேண்டும். மேலே சப்கிளேவியன் சுருங்கிய கையில் ரேடியலை எடுப்பது வம்பு. ஏற்கெனவே ஆஞ்சியோ செய்த மணிக்கட்டின் ரேடியலையும் கூடுமானவரை தவிர்ப்பார்கள். உள்சுவர் காயப்பட்டிருக்கும்.

அறுவை அரங்கில் இந்தச் சுருக்கம் இன்னொரு ஆளையும் ஏமாற்றும். மயக்க மருந்து டாக்டர் மணிக்கட்டுத் தமனியில் ஊசி வைத்து நொடிக்கு நொடி பிரஷர் பார்ப்பார். அது சுருங்கிய கையாக இருந்தால் திரையில் 85 என்று காட்டும், உண்மையில் உடம்பில் 120 இருக்கும். அந்த 85-ஐ நம்பி மருந்து ஏற்றினால் பிரஷர் எகிறும். வார்டிலும் இதே கதைதான். சுருங்கிய கையிலேயே வருடக்கணக்கில் பிரஷர் பார்த்துவந்தவருக்கு உயர் ரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கும். எந்தக் கையில் எண் அதிகமோ அந்தக் கையின் எண்தான் கணக்கு.

பைபாஸ் முடிந்த பிறகு சுருக்கம் தெரியவந்தாலும் கை விரிக்க வேண்டியதில்லை. அப்போதும் சப்கிளேவியனில் ஸ்டென்ட் வைக்கலாம். லிமாவில் ஓட்டம் நேராகி நெஞ்சுவலி நின்றுவிடும். நெஞ்சை மறுபடி திறக்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களில் சிலருக்கு அது மீண்டும் சுருங்குவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் இன்னொரு முறை பலூன் போதும். புகையை விடாதவருக்கு அந்த இன்னொரு முறை சீக்கிரமே வரும். லிமா ஒட்டு உள்ள யாருக்கும் செக்கப்பின்போது இரண்டு கையிலும் பிரஷர் எடுப்பது தொடர வேண்டும். லிமா ஒட்டு உள்ளவருக்குப் பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலாவைக் கூடுமானவரை வலது கையில் போடச் சொல்வார்கள். ஃபிஸ்டுலா நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தத்தை இழுக்கும். இடது கையில் போட்டால் சுருக்கமே இல்லாத சப்கிளேவியனிலும் லிமாவின் பங்கு குறையக்கூடும்.